டிம்மரும் எல்.இ.டி. பல்பும் பொருந்த வேண்டும்

விருந்தினர் வரும்போது கூடத்து விளக்கைப் பளிச்சென்று எரியவிடவும், இரவில் வயதானவர்கள் தடுமாறாமல் நடக்கும் அளவுக்கு மங்கலாக வைத்திருக்கவும் உதவும் சிறு கருவியே டிம்மர். சிங்கப்பூரின் பல வீடுகளிலும் மண்டபங்களிலும் அது பல ஆண்டுகளாகச் சுவரில் இருந்து வருகிறது. ஆனால் குண்டு பல்பையும் ஹாலஜன் பல்பையும் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பைப் பொருத்தியதும் அதே டிம்மர் தொல்லை தரத் தொடங்குகிறது. விளக்கு துடிக்கிறது, ரீங்காரமிடுகிறது, ஓரளவுக்கு மேல் குறைய மறுக்கிறது. நீண்ட காலமாக மின்பணி செய்துவரும் என்னிடம் அன்பர்கள் பலர் கேட்கும் கேள்வி, "பல்பு கெட்டதா, டிம்மர் கெட்டதா?" என்பதுதான். பெரும்பாலும் இரண்டுமே கெட்டிருக்காது. ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதே காரணம்.

பழைய டிம்மரின் வேலை

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அது அலையலையாக வருவது. ஒரு வினாடிக்கு 100 அரை அலைகள். அமெரிக்கரான ஜோயல் ஸ்பைரா 1959-இல் உருவாக்கி, 1961-இல் லூட்ரான் என்ற நிறுவனத்தைத் தொடங்கிப் பரப்பிய மின்னணு டிம்மர், ஒவ்வோர் அரை அலையிலும் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் விளக்குக்கு அனுப்பியது. குண்டு பல்பு சூடான இழையால் ஒளி தருவது. அலையில் சிறிது வெட்டுப்பட்டாலும் இழையின் சூடு உடனே தணிந்துவிடாது. ஆகவே கண்ணுக்குத் துடிப்புத் தெரியாமல் ஒளி சீராகக் குறைந்தது.

எல்.இ.டி. பல்பு வேறு வகை

வெள்ளை ஒளி தரும் எல்.இ.டி. பல்புக்கு வழிவகுத்தது நீல எல்.இ.டி. அதைக் கண்டறிந்த அக்காசாக்கி, அமானோ, நக்கமூரா ஆகிய மூவரும் 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். எல்.இ.டி. நேர்மின்சாரத்தில் எரிவது. அதனால் பல்பின் அடிப்பகுதியில் "டிரைவர்" எனப்படும் சிறு மின்சுற்று உள்ளது. வருகின்ற மின்சாரத்தை மாற்றி, ஒளி குறையாமல் பார்த்துக்கொள்வதே அதன் கடமை. டிம்மர் மின்சாரத்தைக் குறைக்க, டிரைவர் அதை ஈடுகட்ட முயல, இரண்டுக்கும் இடையே நடக்கும் போராட்டமே நாம் காணும் துடிப்பு. டிம்மருக்கென்று தயாரிக்கப்பட்ட பல்பின் டிரைவரோ, எவ்வளவு வெட்டப்பட்டது என்பதை அறிந்து அதற்கேற்ப ஒளியைக் குறைத்துக்கொள்ளும்.

வாட் கணக்கு

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு கூடத்தில் 50 வாட் ஹாலஜன் பல்புகள் ஆறு இருந்தன என்று கொள்வோம்; மொத்தம் 300 வாட். சுவரிலுள்ள டிம்மரில் "40 முதல் 400 வாட் வரை" என்று எழுதியிருக்கிறது. பழைய பல்புகளுக்கு அது சரியாகவே இருந்தது. இப்போது 6 வாட் எல்.இ.டி. பல்புகள் ஆறு போட்டால் மொத்தம் 36 வாட்தான். டிம்மர் கேட்கும் குறைந்த அளவுக்கும் அது கீழே போய்விட்டது. அதனுள் இருக்கும் டிரையாக் என்ற பாகம், போதிய மின்னோட்டம் இல்லாவிட்டால் நடுவிலேயே நின்றுவிடும். விளக்கு விட்டுவிட்டு எரிவது அதனால்தான்.

"400 வாட் தாங்கும் டிம்மரில் 6 வாட் பல்பு அறுபதுக்கு மேல் போடலாமே" என்று எண்ணுவதும் தவறு. எல்.இ.டி. பல்பைப் போட்டவுடன் ஒரு கணம் பெரும் மின்னோட்டம் பாயும். டிம்மரில் எல்.இ.டி.க்கென்று தனி அளவு குறிக்கப்படாவிட்டால், எழுதியுள்ள வாட்டில் பத்தில் ஒரு பங்கை மட்டுமே கணக்கில் கொள்வது மின்பணியாளர் வழக்கம்.

டிம்மரில் இரு வகை

அரை அலையின் முன்பகுதியை வெட்டுவது ஒரு வகை; ஆங்கிலத்தில் "லீடிங் எட்ஜ்" என்பார்கள். பழைய டிம்மர்கள் பெரும்பாலும் இவ்வகையே. பின்பகுதியை வெட்டுவது "டிரெய்லிங் எட்ஜ்". இது மின்சாரத்தைத் திடீரென்று பாய விடாமல் மெல்ல ஏற விடுவதால் எல்.இ.டி. டிரைவருக்கு ஏற்றது, ரீங்காரமும் குறைவு. குறைந்த வாட்டிலும் இயங்கும். விலை சற்றுக் கூடுதல்தான். எனினும் புதிதாக வாங்குவோருக்கு நான் சொல்வது இதையே. கூரையில் பதித்த 12 வோல்ட் சிறு விளக்காக இருந்தால், அதற்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மரும் டிம்மருக்குப் பொருந்த வேண்டும்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

1. பல்பின் பெட்டியில் "டிம்மபிள்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்தப் பல்பை டிம்மரில் போட வேண்டாம்.

2. சுவரிலுள்ள டிம்மரின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். தரமான பல்பு நிறுவனங்கள் தங்கள் பல்புக்குப் பொருந்தும் டிம்மர்களின் பட்டியலை வெளியிடுகின்றன. தேக்காவிலோ, ஜாலான் புசாரிலோ, பாலஸ்டியர் சாலையிலோ உள்ள விளக்குக் கடைகளில் அந்தப் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள்.

3. எல்லாப் பல்புகளின் வாட்டையும் கூட்டி, டிம்மரின் குறைந்த அளவுக்கும் கூடிய அளவுக்கும் இடையே வருகிறதா என்று பாருங்கள்.

4. ஒரே டிம்மரில் ஒரே நிறுவனத்தின் ஒரே வகைப் பல்புகளையே போடுங்கள்.

5. பல டிம்மர்களில் குறைந்த ஒளியின் எல்லையைச் சரிசெய்ய ஒரு சிறு திருகு உண்டு. எல்லாப் பல்புகளும் சீராக எரியும் இடத்தில் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

6. மின்விசிறியின் ரெகுலேட்டரை விளக்குக்குப் பயன்படுத்தாதீர்கள். டிம்மர் மாற்றும் பணியை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படையுங்கள்.

கொடையளிப்போர் கவனத்திற்கு

மண்டபங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் விளக்குகள் வாங்கித் தருவோர் நம்மில் பலர். ஒரு மண்டபத்துக்கு அன்பர் ஒருவர் நல்ல மனத்துடன் பெட்டி பெட்டியாக எல்.இ.டி. பல்புகள் தந்ததை நான் அறிவேன். பல்புகள் தரமானவையே, ஆனால் டிம்மருக்கானவை அல்ல. ஒரு திருமண நிகழ்ச்சியில் அவை துடித்ததைக் கண்டு, மறுநாளே கழற்றிப் பொருள் அறையில் வைத்துவிட்டனர். கொடுத்தவரின் பணமும் பயன்படவில்லை. பெற்றவர்களின் குறையும் தீரவில்லை.

இதைத் தவிர்ப்பது எளிது. பல்பு வாங்குமுன் அந்த இடத்தின் பொறுப்பாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: டிம்மர் இருக்கிறதா? அது எந்த வகை? அதில் எத்தனை பல்புகள் எரிகின்றன? டிம்மர் பழையதாக இருந்தால், பல்புகளில் இரண்டைக் குறைத்துக்கொண்டாவது பொருத்தமான புதிய டிம்மர் ஒன்றையும் சேர்த்துத் தாருங்கள். முதலில் ஒரே ஒரு டிம்மருக்கு உரிய பல்புகளை மட்டும் வாங்கிப் பொருத்தி, ஒரு மாலைப்பொழுது எரியவிட்டுப் பார்த்த பிறகு மீதியை வாங்குங்கள். இந்தச் சிறு முன்யோசனை இருந்தால், நீங்கள் தரும் விளக்கு பொருள் அறையில் கிடக்காமல் பல்லாண்டுகள் ஒளி தரும்.