குதிர் எப்படி இயங்குகிறது?

திருமயம் பக்கம் எங்கள் அப்பத்தா வீட்டில், உள்ளறை மூலையில் நெல் கொட்டிவைக்கும் ஆள் உயர மண் குதிர் ஒன்று நின்றது. அடியில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதில் பழந்துணிச் சுருள். துணியை உருவினால் நெல் சரசரவென்று மரக்காலில் விழும். போதுமென்றால் துணியைத் திணித்துவிடுவார், அவ்வளவுதான். அப்பனைத் தேடி வந்தவரிடம் பிள்ளை உளறிய 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்ற கதை அங்கேதான் எனக்குப் புரிந்தது. உள்ளே நிஜமாகவே ஓர் ஆள் நிற்க இடம் இருந்தது.

கண்மாயை நம்பிய ஒருபோக வெள்ளாமை எங்களுடையது. தையில் அறுத்தது அடுத்த தை வரை வரவேண்டும். அந்தப் பொறுப்பெல்லாம் இந்த மண்கூட்டின் தலையில்.

குதிர், சூளையில் சுட்டது அல்ல. களிமண்ணோடு வைக்கோல் துணுக்கும் உமியும் போட்டு மிதித்து, உறை உறையாகச் செய்து, காயவைத்து அடுக்குவார்கள். மண் காயும்போது வெடிக்காமல் வைக்கோல் இழுத்துப் பிடிக்கும். பொருத்துவாயை மண்ணால் பூசி, சாணியால் மெழுகினால் முடிந்தது. தரை ஈரம் ஏறாமல் இருக்க அடியில் கற்கள். இங்கிலாந்தின் பழைய தானியக் கொட்டகைகளும் கல்லின் மேல்தான் நின்றன. அந்தக் கல் காளான் வடிவில் இருக்கும், ஏறி வரும் எலி குடைக்கு அடியில் தலைகீழாக நடக்க முடியாமல் திரும்பிவிடும். நம் ஊரில் அந்த வேலை பூனைக்கு.

நெல்லுக்கு உயிர் உண்டு, மூச்சு விடும். அறுத்த கையோடு அதில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல்கூட ஈரம் இருக்கும். 13, 14க்கு இறங்கிய பிறகே உள்ளே போகலாம். அப்பத்தா பல்லில் வைத்துக் கடிப்பார். 'டக்'கென்று உடைந்தால் சரி. காயாமல் கொட்டினால் என்ன ஆகும்? சுடச்சுட இட்லியை ஹாட்பாக்ஸில் அடுக்கி மூடிப் பாருங்கள். சற்று நேரத்தில் மூடி உள்ளே வியர்த்து, மேல் இட்லி நசநசத்துப் போயிருக்கும். ஈர நெல்லும் மூச்சுவிட்டுச் சூடேறும்; ஆவி மேலே போய்க் குளிர்ந்து சொட்டும்; பூசணம் பிடிக்கும். தகர டின்னில் இது சீக்கிரம் நடக்கும். மண் சுவர் இட்லித் துணி மாதிரி, கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கொஞ்சம்தான். பச்சை நெல்லை எந்தக் குதிரும் காப்பாற்றாது.

சரி, இத்தனை மூட்டை பாரத்தில் மெல்லிய மண்சுவர் ஏன் பிளக்கவில்லை? அந்தக் கந்தைத் துணி எப்படித் தாங்குகிறது? புட்டுக்குழலை நினைத்துக்கொள்ளுங்கள். கவிழ்த்தால்கூடப் புட்டு தானாக விழாது, குச்சியால் தள்ள வேண்டும். பக்கச் சுவரை அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கும். நெல்லும் சொரசொரத்த உமியால் சுவரைப் பற்றிக்கொண்டு தன் பாரத்தில் ஒரு பங்கை அதன் மேல் ஏற்றிவிடுகிறது. தண்ணீர்த் தொட்டியில் ஆழம் கூடக்கூட அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். தானியத்தில் ஓர் ஆழத்துக்குப் பிறகு அநேகமாக ஏறாது. ஜெர்மன் பொறியாளர் யான்சென் 1895இல் இதற்குக் கணக்குப் போட்டார். பாபநாசம் அருகே திருப்பாலைத்துறைக் கோயிலில் 3,000 கலம் கொள்ளும் வட்டமான செங்கல் களஞ்சியத்தை நாயக்கர் காலத்திலேயே கட்டிவிட்டார்கள், கணக்குக்குக் காத்திராமல்.

அடியில் ஓட்டை இருப்பதால் பழைய நெல் முதலில் வரும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஓட்டைக்கு நேர் மேலே இருக்கும் நெல்தான் முதலில் இறங்கும். மேலே ஒரு பள்ளம் விழுந்து, மேல்நெல் அதற்குள் சரியும். சுவரோரத்து நெல் அசையாது. ஆகவே பழசின் மேல் புதுசைக் கொட்டக் கூடாது. வழித்துத் துடைத்து, மெழுகி, வேப்பிலை போட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

வழிப்பது யார்? பெரியவர்களால் குதிரின் வாய் வழியாக நுழைய முடியாது. ஒவ்வொரு மார்கழிக் கடைசியிலும் என் கையில் துடைப்பக்கட்டையைக் கொடுத்து மேலிருந்து இறக்கிவிடுவார்கள். உள்ளே ஒரே இருட்டு, உமி அரிப்பு. வெளியே யாராவது என்னைத் தேடி வந்தால், "குதிருக்குள்ள இருக்கான்" என்று அப்பத்தா உண்மையைச் சொல்லிவிடுவார்.