வானத்திலிருந்து திமிங்கிலக் கணக்கு

ஸ்காபரோவில் நாங்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை முடியும்போது ஒரு கணக்கு உண்டு. பெட்டிக்குள் போனது எத்தனை, கழித்தது எத்தனை என்று இரண்டு பேர் தனித்தனியாக எண்ணவேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து. கையில் எடுத்து எண்ணும் பொருளுக்கே இந்தப் பாடு என்றால், கடலுக்குள் தாழ்ந்தும் எழும்பியும் திரியும் திமிங்கிலத்தை எப்படி எண்ணுவது? கனடாவில் அதைச் செய்மதிப் படத்தில் எண்ண முயன்றிருக்கிறார்கள்.

திமிங்கிலம் எங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். எங்கள் ஒன்ராறியோ ஏரித் தண்ணீர்தான் சென்ற் லோறன்ஸ் ஆறாக ஓடி, கிழக்கே அதே பெயருள்ள வளைகுடாவில் சேர்கிறது. அந்தக் கடலில் 2017ஆம் ஆண்டு 12 ரைட் திமிங்கிலங்கள் செத்து மிதந்தன. சில கப்பல் மோதி இறந்தவை. சில மீன்பிடிக் கயிற்றில் சிக்கி இறந்தவை. வட அத்திலாந்திக்கில் இந்த இனத்தில் மிச்சம் இருப்பவை நானூறுக்கும் குறைவு.

இதன்பின் அரசாங்கம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. திமிங்கிலம் காணப்பட்ட இடத்தில் நண்டுக் கூடு போடுவதை 15 நாட்களுக்கு நிறுத்துகிறார்கள். கப்பல்களும் வேகத்தைக் குறைக்கவேண்டும்.

கடலை மூடினால் வீட்டில் அடுப்பு எப்படி அணையும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எங்களில் சிலர் மயிலிட்டிப் பிள்ளைகள். 1990இல் பறிபோன அந்தத் துறைமுகம் 2017இல்தான் திரும்பக் கிடைத்தது. அங்கே மூடியது போர். இங்கே மூடுவது ஒரு உயிரினத்தைக் காக்க. இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் மூடுவதென்றால் சரியான இடத்தை, சரியான நாளில் மூடவேண்டும். அதற்குத் திமிங்கிலம் நிற்கும் இடம் தெரியவேண்டும்.

விமானத்தில் போய்ப் பார்க்கிறார்கள். தண்ணீருக்குள் ஒலிவாங்கி வைத்தும் கேட்கிறார்கள். ஆனால் விமானம் புகாரில் பறக்காது, பெரிய கடலை முழுக்கச் சுற்றவும் முடியாது. அதனால் 2021இல் கனடிய விண்வெளி நிறுவனம் ‘ஸ்மார்ட்வேல்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, ஐந்து கனடியக் கம்பனிகளுக்கு 53 இலட்சம் டொலர் ஒதுக்கியது.

வேர்ல்ட்வியூ-3 என்ற செய்மதி 600 கிலோமீற்றருக்கும் மேலே சுற்றுகிறது. அதன் படத்தில் ஒரு புள்ளி கடலில் 31 சென்ரிமீற்றர். பதினைந்து மீற்றர் திமிங்கிலம் ஏறக்குறைய ஐம்பது புள்ளி நீளமாகத் தெரியும். அந்த உருவத்தைக் கண்டுபிடிக்கக் கொம்பியூட்டரைப் பழக்குகிறார்கள். பிறகு மனிதக் கண் சரிபார்க்கவேண்டும்.

இதற்கு முன்னோடி ஆர்ஜென்ரீனா. அங்கே கோல்ஃபோ நுவேவோ குடாவை 2012இல் எடுத்த ஒரு செய்மதிப் படத்தில் பிரித்தானிய ஆய்வாளர்கள் தேடினார்கள். 55 உருவங்கள் பெரும்பாலும் திமிங்கிலம், 23 திமிங்கிலமாக இருக்கலாம் என்று பிரித்து எழுதினார்கள். சந்தேகத்தை மறைக்காமல் தனிப் பத்தியில் போட்டதுதான் நேர்மையான கணக்கு.

குறைகளும் உண்டு. முகில் மூடினால் படம் இல்லை. அலை நுரையும் பாறையும் படகும் ஆளை ஏமாற்றும். ஆழத்துக்குப் போன திமிங்கிலம் படத்தில் விழாது. அது எவ்வளவு நேரம் மேலே நிற்கும் என்று அறிந்து, கணக்கில் கூட்டவேண்டும். ஆகவே விமானத்துக்கும் ஒலிவாங்கிக்கும் வேலை போகவில்லை. செய்மதி அவற்றுக்கு ஒரு கைத்துணை.

அகதி முகாமில் பதிவில் பெயர் இல்லாதவருக்கு நிவாரண அரிசி கிடைக்காது. இருப்பது உண்மை என்றாலும் எண்ணிக்கையில் வரவேண்டும். திமிங்கிலத்துக்கும் அதே நியாயம்தான்.

உங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கிலும் கொம்பியூட்டரிலும் ஆர்வம் இருந்தால் இதையும் சொல்லுங்கள். டாக்டர், எஞ்சினியர் மட்டும்தான் படிப்பு என்று இல்லை. கடலை விட்டு வந்த எங்கள் பிள்ளைகள் வானத்திலிருந்து கடலைக் காக்கும் வேலைக்கும் போகலாம்.