எடைக்குப் போக இருந்த "ஜீனோ" தப்பியது! டெலிவிஷனில் அழிந்த கதைகளைக் காப்பாற்றிய புத்தகங்கள்

கொண்டப்பநாயக்கன்பட்டி,

சேலத்தில் இருந்து ஏற்காடு போகிற ரோட்டில், கோரிமேட்டைத் தாண்டினால் வரும் ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டி. முதுகுக்குப் பின்னால் சேர்வராயன் மலை.

காலை நேரம். ஒரு வீட்டு வாசலில் பழைய பேப்பர்காரர் தராசைத் தூக்கிப் பிடித்து இருந்தார். செய்தித்தாள், பள்ளிக்கூட நோட்டு, அட்டைப் பெட்டி எல்லாம் ஏறிவிட்டன. கடைசியாக ஒரு பைண்டு புத்தகம். மூலை மடங்கி, முதுகில் துணி பிய்ந்து இருந்தது.

உள்ளே இருந்து பெரியவர் ஓடி வந்தார். ஓய்வு பெற்ற குமாஸ்தா.

"ஏம்மா, அதை மட்டும் வெச்சுடும்மா!"

"செல்லு அரிச்சுடுச்சுங்க மாமா. புதுசே கடையில கெடைக்குதுங்களே?" என்றார் மருமகள். கோபம் இல்லை. வீட்டில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

"புதுசு கெடைக்கும்மா. இது கெடைக்காது."

தராசில் இருந்து புத்தகம் இறங்கியது. அது என்ன புத்தகம்?

வாரா வாரம் கிழித்தது

எழுத்தாளர் சுஜாதாவின் "என் இனிய இயந்திரா". 1980-களில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்தது. ஜீனோ என்று ஒரு இயந்திர நாய். பேசும், படிக்கும், யோசிக்கும். ஆட்சி நடத்துகிறவர்களின் மோசடியைக்கூட அது கண்டுபிடித்துவிடும்!

வாரா வாரம் அந்தப் பக்கங்களைக் கிழித்து, சேர்த்து, பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்து வைத்தவர் இந்தப் பெரியவர். அந்தக் காலத்தில் இது பல வீடுகளில் நடந்த வேலை. படங்கள், "தொடரும்" என்ற எழுத்து, பக்கத்தில் வந்த சோப்பு விளம்பரம் எல்லாம் அதில் அப்படியே இருக்கும். புதுப் பதிப்பில் கதை இருக்கும். இவை இருக்காது.

பிறகு இதே ஜீனோ கதை தூர்தர்ஷனில் டெலிவிஷன் தொடராகவும் வந்தது. கரண்டு போனால் அந்த வாரம் போச்சு! மறுபடி பார்க்க வழி கிடையாது. டி.வி.யில் விட்டதைப் புத்தகத்தில் பிடித்துக்கொள்ளலாம். அதற்குத்தான் இந்த பைண்டு.

லண்டனிலும் இதே கதை!

இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் வந்தது அல்ல. டெலிவிஷனுக்குப் பெயர்போன லண்டனிலும் வந்தது.

1963 நவம்பர் 23, சனிக்கிழமை. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள். அன்று மாலை பி.பி.சி. டெலிவிஷனில் "டாக்டர் ஹூ" என்ற தொடர் ஆரம்பமானது. ஒரு நீலப் பெட்டி. வெளியே பார்த்தால் ஒரு ஆள் நிற்கத்தான் இடம். உள்ளே போனால் பெரிய மண்டபம்! அதில் ஏறினால் ஆயிரம் வருஷம் முன்னும் போகலாம், பின்னும் போகலாம்.

அந்த முதல் கதையை டைரக்ட் செய்தவர் நம் நாட்டில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் பெயர் வாரிஸ் உசேன். 1938-ல் லக்னோவில் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது 25கூட நிறையவில்லை.

தொடர் சக்கைப்போடு போட்டது. ஆனால் பி.பி.சி. செய்த காரியம் என்ன தெரியுமா?

ஒளிபரப்பு முடிந்த நாடாக்களை அழித்துவிட்டார்கள்!

நாடாவின் விலை அதிகம். அழித்துவிட்டு அதிலேயே வேறு நிகழ்ச்சியைப் பதியலாம். பழையதை மறுபடி காட்ட வேண்டும் என்றால் நடிகர்களுக்குப் பணம் தரவேண்டும், ஒப்பந்தம் போடவேண்டும். கலர் வந்த பிறகு கறுப்பு-வெள்ளையை யார் பார்ப்பார்கள் என்றும் நினைத்தார்கள். இப்படி 1960-களில் வந்த "டாக்டர் ஹூ" பகுதிகளில் 90-க்கும் மேற்பட்டவை படமாகக் கிடைக்காமல் போயின.

ஒரே ஆள் எழுதிய 60 புத்தகம்

அப்படியானால் அந்தக் கதைகள் செத்துவிட்டனவா? இல்லை. காப்பாற்றியது காகிதம்.

1964-லேயே டேவிட் விட்டேக்கர் என்பவர் ஒரு கதையை நாவலாக எழுதினார். 1973-ல் "டார்கெட்" என்ற பெயரில் மலிவுப் பதிப்புகள் வர ஆரம்பித்தன. சட்டைப்பையில் வைக்கலாம். ரெயிலில் ஏறி இறங்குவதற்குள் படித்து முடிக்கலாம்.

இவற்றில் 60-க்கும் மேற்பட்ட புத்தகங்களை டெரன்ஸ் டிக்ஸ் என்ற ஒரே ஆள் எழுதினார்! அந்தத் தொடருக்கே கதை வசனம் பார்த்துத் திருத்தியவர் அவர். உசேன் டைரக்ட் செய்த முதல் கதையையும் 1981-ல் புத்தகம் ஆக்கினார். சின்ன வாக்கியம், நேரான நடை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் இவர் புத்தகத்தைப் படித்தே வாசிக்கப் பழகினார்கள் என்று அங்கே இன்றும் சொல்கிறார்கள். 2019-ல் அவர் காலமானார்.

அமெரிக்காவின் "ஸ்டார் டிரெக்" தொடரும் இப்படித்தான். 1967-ல் இருந்து ஜேம்ஸ் பிளிஷ் அதைச் சிறுகதைகளாக எழுதினார்.

வீட்டு டேப் ரிக்கார்டர் செய்த வேலை

இன்னொரு அதிசயமும் உண்டு. அந்த நாட்டில் சில ரசிகர்கள், டி.வி. முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்துச் சத்தத்தை மட்டும் பதிந்து வைத்தார்கள். அதனால் காணாமல் போன அத்தனை பகுதிகளின் குரலும் இன்று இருக்கிறது! படம் இல்லை, சத்தம் உண்டு.

2013-ல் வெளியான ஒரு செய்தி இன்னும் வேடிக்கை. வெளிநாட்டு ஸ்டேஷனுக்கு அனுப்பிய பிலிம் சுருள்கள் ஆப்பிரிக்காவில், நைஜீரியா நாட்டில், தூசி படிந்து கிடந்தன. அதில் 9 பகுதிகள் மீண்டும் கிடைத்தன.

குப்பை என்று யாரோ ஒதுக்கியது! எடைக்குப் போட்டு இருந்தால்?

நம் ஊர்ப் பாட்டுப் புத்தகம்

நமக்கும் இந்தப் பழக்கம் புதிது அல்ல. சினிமாக் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். பெரிய படங்களுக்குக் கதை-வசனப் புத்தகமே வரும். படத்தை ஒரு தடவை பார்த்தவர், வசனத்தை நூறு தடவை படிப்பார். ரேடியோவில் ஒலிச்சித்திரம் போட்டால் தெருவே கேட்கும்.

தமிழின் முதல் பேசும் படம் "காளிதாஸ்". 1931-ல் வந்தது. அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. மிஞ்சி இருப்பது பாட்டுப் புத்தகம், விளம்பரம் போன்ற காகிதங்கள்தான்.

1986-ல் கமல்ஹாசன் நடித்த "விக்ரம்" வந்தது. திருட்டுப் போன ராக்கெட்டைத் தேடும் கதை. அதை எழுதியவரும் சுஜாதாதான். அதே கதையைக் குமுதத்தில் தொடராகவும் எழுதினார். கொட்டகையில் ஒரு "விக்ரம்", கையில் ஒரு "விக்ரம்"! லண்டன்காரர்கள் செய்ததை நம் ஊரிலும் செய்தாயிற்று.

மலையடிவாரத்தில் ராட்சத யானை

கொண்டப்பநாயக்கன்பட்டி ஆட்கள் டவுனுக்குப் போகும் அதே ஏற்காடு ரோட்டில்தான் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோ. இன்று மிஞ்சி இருப்பது வாசல் வளைவு.

இந்த மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து 1952-ல் "தி ஜங்கிள்" என்ற இங்கிலீஷ் படத்தை எடுத்தது. தமிழில் அதன் பெயர் "காடு". எப்போதோ அழிந்துபோன ரோமம் மூடிய ராட்சத யானைகள் காட்டில் மறுபடி தோன்றுகிற கதை! இந்தியாவில் எடுத்த முதல் விஞ்ஞானக் கற்பனைப் படம் என்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு.

அந்தக் காலத்தில் சேலத்துக் கொட்டகைகளில் விற்ற பாட்டுப் புத்தகம், நோட்டீஸ் எத்தனை வீட்டுப் பரணில் இருக்கிறதோ! எத்தனை பொட்டலம் கட்டிப் போனதோ!

எடைக்குப் போடும் முன்...

வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டியதுதான். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தராசில் ஏற்றும் முன் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.

பைண்டு செய்த தொடர்கதை, பாட்டுப் புத்தகம், கதை-வசனம், பழைய காமிக்ஸ் - இவை இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். செல்லு அரித்து இருந்தால் தட்டி, நிழலில் காயவையுங்கள்.

உங்களுக்கு வேண்டாம் என்றால் கேட்பவர் இருக்கிறார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா என்பவர் வாழ்நாள் முழுக்கப் பழைய புத்தகம், நோட்டீஸ் என்று சேர்த்தார். அவர் சேர்த்ததை வைத்து 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உண்டானது. பாட்டுப் புத்தகத்துக்கும் அங்கே மரியாதை உண்டு.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் தராசு கீழே இறங்கியது. பேப்பர்காரர் கணக்குப் பார்த்து ரூபாயை எண்ணிக் கொடுத்தார்.

"அந்த புக்கு அரைக் கிலோ வருமுங்க. குறைச்சுட்டேன்" என்றார்.

மருமகள் பணத்தை வாங்கிக்கொண்டார். பிறகு அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்து, தூசியைத் தட்டி, முதல் பக்கத்தைப் புரட்டினார்.

"ஏனுங்க மாமா, நாய் பேசுமா?"

பெரியவர் திண்ணையில் உட்கார்ந்தார். கதை ஆரம்பமானது.