கரையிலிருந்து தூண்டில் வீச

கடற்கரையில் நின்று தூண்டில் வீசப் பழகுகிறீர்களா? 10 முதல் 12 அடி ராடு வாங்குங்கள். உடைகிற அலைக்கு மேலே நரம்பைத் தூக்கிப் பிடிக்க அந்த நீளம் வேண்டும். ரீல், 5000 அல்லது 6000 அளவு ஸ்பின்னிங் வகை. நரம்புக்கு 20 பவுண்டு தங்கூசி போதும். ஸ்பூல் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே வரை சுற்றுங்கள். வழிய நிரப்பினால் கொத்தாகக் கழன்று சிக்கும். குறைந்தால் தூரம் போகாது.

இதை மட்டும் மறக்காதீர்கள், நேயர்களே! 100 கிராம் ஈயத்தை வேகமாக வீசும்போது மெல்லிய நரம்பு அறுந்தால், பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. ஆகவே முனையில் 40 பவுண்டு நரம்பை, ராடு நீளத்தைப்போல் இரண்டு மடங்குக்கு முடியுங்கள். வீசும்போது அதில் சில சுற்று ரீலில் இருக்கட்டும். வீடு திரும்பியதும் ரீலை நல்ல தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். பீய்ச்சி அடித்தால் உப்பும் மணலும் உள்ளே போய்விடும்.