தீப்பொறிக்கும் திசை உண்டு

திருவனந்தபுரம் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலின் முன் ஓயாது உடையும் சிதறுகாய் ஓசையைக் கடந்து சற்றே நடந்தால் கிழக்குக் கோட்டைப் பேருந்து நிலையம். 1938 பிப்ரவரி 20 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா இந்நகரில் தொடங்கிவைத்த திருவிதாங்கூர் அரசுப் பேருந்துகள் பெர்க்கின்ஸ் டீசல் எந்திரம் பூட்டியவை. டீசல் எந்திரம் காற்றை இறுக்கிச் சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைத்துக்கொள்ளும். அதற்குத் தீப்பொறி வேண்டியதில்லை. பெட்ரோல் கார்களின் நிலை வேறு. அக்கால மாரிஸுக்கும் ஆஸ்டினுக்கும், பின்னர் வந்த 1489 கன செ.மீ. பெட்ரோல் அம்பாசிடருக்கும் பொறியே உயிர். அப்பொறியைப் பிறப்பிப்பது பற்றவைப்புச் சுருள். பட்டறையில் அதன் பெயர் காயில்.

உத்தரபாடா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றது. அதற்கும் முந்தைய கார்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பழைய சுருள் பழுதானால், உருவமும் அளவும் ஒத்த எதையேனும் வாங்கிப் பொருத்துவதே வழக்கமாகிவிட்டது. இரண்டு கம்பி, இரண்டு முனை. எப்படி மாட்டினாலும் எந்திரம் இயங்கிவிடுகிறது. பிழை அங்கேதான் ஒளிந்துகொள்கிறது.

சுருளின் அமைப்பைப் பார்ப்போம். மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிய உள்ளகத்தின்மேல் மயிரிழை போன்ற செப்புக் கம்பி ஏறத்தாழ 20,000 சுற்று. அதற்கும் மேலே தடித்த கம்பி சில நூறு சுற்று. வெளியே இருப்பது முதன்மைச் சுற்று, உள்ளே இருப்பது துணைச் சுற்று. டிஸ்ட்ரிபியூட்டர் எனப்படும் பகிர்வியின் தொடுமுனைகள் மூடியிருக்கையில் முதன்மைச் சுற்றில் 4 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் பாய்ந்து உள்ளகத்தைக் காந்தமாக்கும். தொடுமுனை விலகிய கணமே அந்தக் காந்தப்புலம் சரிகிறது. சரியும் புலம் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்பது 1831இல் பாரடே கண்ட உண்மை. முதன்மைச் சுற்றில் 200, 300 வோல்ட் எழும். துணைச் சுற்றில் அதைப்போல் நூறு மடங்கு வரை எழ இடமுண்டு. கண்டென்சர் எனப்படும் மின்தேக்கி தொடுமுனையிலேயே பொறி வீணாகாமல் தடுத்து, சரிவை விரைவுபடுத்தும். நான்கு உருளை எந்திரம் நிமிடத்துக்கு 3,000 சுழற்சியில் ஓடும்போது இத்தனையும் நொடிக்கு 100 முறை நிகழ்கிறது. எண்ணிப் பார்த்தால் வியப்பு அடங்குவதில்லை.

இனித் திசைக்கு வருவோம். பொறி தாவும் ஸ்பார்க் பிளக்கின் நடு மின்வாய் எந்திரத்தின் வெப்பத்தில் காய்ந்து கிடக்கும்; ஓரத்து மின்வாய் உடலோடு ஒட்டியிருப்பதால் அவ்வளவு காய்வதில்லை. சூடான உலோகத்திலிருந்து மின்னணுக்கள் எளிதில் கிளம்பும். ஆகவே நடு மின்வாய் எதிர்மின் தன்மை கொள்ளுமாறு சுருளை இணைத்தால் குறைந்த அழுத்தத்திலேயே பொறி தாவும். கம்பிகளை இடம் மாற்றினால் பொறி எதிர்த்திசையில் தாவ வேண்டும். அதற்குக் கூடுதல் அழுத்தம் தேவை. நல்ல வெயில் நாளில் இக்குறை வெளியே தெரியாது. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையில் தம்பானூரும் பழவங்காடியும் நீர்கட்டி நிற்கும் நாட்களில், ஈரம் படிந்த சுருள் தலையிலும் பிளக்குக்குச் செல்லும் தடித்த கம்பியிலும் மின்சாரம் கசியும்போது, அந்தக் கூடுதல் அழுத்தத்துக்கு இருப்பு இராது. காலையில் கார் கிளம்ப மறுக்கும். மேட்டில் ஏறும்போது திக்கும். பழியோ கார்புரேட்டர்மேல் விழும்.

எந்தக் கம்பி எந்த முனைக்கு? விடை சுருளில் மட்டும் இல்லை, காரின் எர்த்தில் இருக்கிறது. 1960களின் நடுப்பகுதி வரை பிரித்தானியக் கார்கள் பலவற்றில் மின்கலத்தின் நேர்முனையே காரின் உடலோடு இணைந்திருந்தது. ஆல்டர்னேட்டர் வந்தபின் எதிர்முனை எர்த் வழக்கமாயிற்று. எதிர்முனை எர்த் உள்ள காரில் சுருளின் நேர்முனை சாவிப் பக்கம், எதிர்முனை பகிர்விப் பக்கம். நேர்முனை எர்த் உள்ள காரில் இது தலைகீழ்: எதிர்முனை சாவிக்கு, நேர்முனை பகிர்விக்கு. பழைய லூக்காஸ் சுருள்களில் கூட்டல், கழித்தல் குறிகள் இரா, சாவிக்கு எஸ்.டபிள்யூ., தொடுமுனைக்கு சி.பி. என்ற எழுத்துகளே இருக்கும். அவை நேர்முனை எர்த் காருக்கென அமைந்தவை. காரை எதிர்முனை எர்த்துக்கு மாற்றியவர் அச்சுருளையே வைத்துக்கொண்டால், எழுத்துக்கு மாறாக இரு கம்பிகளையும் இடம் மாற்றியாக வேண்டும். எழுத்தை நம்பிக் கெட்ட கார்கள் ஏராளம்.

தடையும் முக்கியம். 12 வோல்ட் காருக்குரிய சாதாரணச் சுருளின் முதன்மைத் தடை சுமார் 3 ஓம். புறத்தே ஒரு தடையுடன் இயங்கும்படி செய்த சுருளுக்கோ சுமார் 1.5 ஓம்தான். பின்னதைப் புறத்தடை இன்றி நேரே மாட்டினால் மின்னோட்டம் இருமடங்காகும்; தொடுமுனை கருகும், சுருள் கொதிக்கும். வாங்கும்போதே மல்ட்டிமீட்டரை வைத்து அளந்துவிடுவது நன்று.

திசையைச் சோதிக்கப் பென்சில் ஒன்று போதும். பெட்ரோல் ஆவி இல்லாத இடத்தில், பிளக்கிலிருந்து கழற்றிய கம்பியின் நுனியை உலர்ந்த மரக் கவ்வியால் பிடித்து, பிளக்கின் தலைக்குச் சற்று விலக்கி வையுங்கள். மற்றொரு கவ்வியில் பென்சிலைப் பற்றி, அதன் கரிமுனையை அந்த இடைவெளியில் நீட்டுங்கள். எந்திரம் ஓடும்போது பென்சிலுக்கும் பிளக்குக்கும் நடுவே பொறி விரிந்து ஒளிர்ந்தால் இணைப்பு சரி. கம்பிக்கும் பென்சிலுக்கும் நடுவே விரிந்தால் சுருளின் இரு முனைக் கம்பிகளையும் மாற்றுங்கள். பழங்கார் வைத்திருக்கும் அன்பர்களே, புதுக் காயில் போட்டதும் வண்டி கிளம்பிவிட்டதென்று போனட்டை மூடிவிடாதீர்கள். இந்தச் சோதனையைச் செய்த பின்னரே பட்டறையை விட்டு நகருங்கள்.