நிலவு தரும் எதிரொலி

மலையடிவாரத்தில் நின்று கூவினால் நம் குரல் திரும்பி வருவதைக் கேட்டிருப்பீர்கள். ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு நிலவே அத்தகைய ஒரு மலை! அது சுமார் 3,84,000 கி.மீ. தொலைவில் இருப்பதால், வானொலி அலை போய்த் திரும்ப இரண்டரை நொடிக்குச் சற்று மேலாகும்.

சிற்றலைகளைப் பெரும்பாலும் அயனி மண்டலமே பூமிக்குத் திருப்பிவிடும். 144 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண் அலைகள் அதை ஊடுருவிச் செல்லும். தொல்லை அதன் பிறகுதான். போகும் வழியிலேயே அலை பரந்து மெலிகிறது. நிலவோ தன்மேல் விழுவதில் சுமார் 7 விழுக்காட்டையே திருப்புகிறது, அதுவும் சிதறிவிடுகிறது. எத்திசையிலும் குவிக்காத அலைவாங்கிகளானால், அனுப்பிய ஆற்றலில் நமக்குக் கிடைப்பது, 1-ஐ அடுத்து 25 சுழிகள் இட்டால் வரும் எண்ணில் ஒரு பங்குதான்!

1946 ஜனவரியில் நியூ ஜெர்சியில் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் ராடாரைக் கொண்டு இவ்வெதிரொலியைப் பிடித்தனர். 1960 ஜூலையில் மாசச்சூசெட்ஸ், கலிபோர்னியா ஹாம் குழுக்கள் 1296 மெகாஹெர்ட்ஸில் நிலவு வழியே மோர்ஸ் குறிகளைப் பரிமாறிக்கொண்டன. ஆனால் அதற்குப் பெரிய கிண்ண அலைவாங்கிகள் வேண்டியிருந்தன.

இந்நிலையை மாற்றியவர் ஜோசப் டெய்லர். துடிவிண்மீன் ஆய்வுக்காக 1993-இல் நோபல் பரிசு பெற்ற இவரும் ஒரு ஹாம்தான். 2003-இல் இவர் வகுத்த ஜே.டி.65 முறையில், மிகச் சிறிய செய்தியொன்று ஏறத்தாழ ஒரு நிமிடம் நிதானமாக அனுப்பப்படுகிறது. கணினி அதை இரைச்சலுக்குள்ளிருந்து பொறுக்கி எடுக்கிறது. மறுமுனையில் பெரிய நிலையம் இருந்தால், மொட்டை மாடியில் ஒரே ஒரு நீண்ட யாகி அலைவாங்கியும் சில நூறு வாட் ஆற்றலும் போதும்.

இரு ஊர்களின் வானிலும் ஒரே வேளையில் நிலவு இருக்க வேண்டும். மேகம் மறைத்தால் பாதகமில்லை. அமாவாசையன்றுதான் சங்கடம்: அருகில் நிற்கும் சூரியனின் வானொலி இரைச்சலும் சேர்ந்தே வந்து விழும்.