திண்டுக்கல் உடன்படிக்கையும் முறையீட்டின் வாயிலும்

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013), பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் உள்ளகக் குழுவைக் கட்டாயமாக்குகிறது. முறையீடு எழுத்து வடிவில் அமைதல் வேண்டும். எழுத இயலாதவர்க்குக் குழு உதவ வேண்டும். ஆயினும் அக்குழுவை நியமிப்பவர் முதலாளியே. மேற்பார்வையாளரால் துன்புறும் தையல் தொழிலாளி அவ்வாயிலை அணுகத் தயங்குவதில் வியப்பில்லை.

2021 சனவரியில் திண்டுக்கல் ஆடை ஆலையொன்றின் இளந்தொழிலாளி கொல்லப்பட்டார். அவ்வாலையின் மேற்பார்வையாளர் மீது குற்றம் சாட்டப்பட்டது. இதன்பின், பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் 2022இல் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய கொள்முதல் நிறுவனங்களும் தனித்தனியே பிணைப்புற்றன. ஆலை உடன்படிக்கையை மீறின் அவை வணிக நடவடிக்கை எடுத்தாக வேண்டும்; உள்ளகக் குழுவிற்கு இல்லாத வலிமை இது.

முறையீட்டைக் கேட்போரும் மாறினர். சங்கத்திடம் பயிற்சி பெற்ற சக தொழிலாளரே தளக் கண்காணிப்பாளராயினர். (இலங்கை, மலாயத் தோட்டங்களின் கங்காணியை அறிந்தோர்க்கு இம்மொழிபெயர்ப்பு இடறும், ஆள்பிடித்து வேலை வாங்கியவரின் பெயர் இங்குத் துணைநிற்பவர்க்கு வழங்குகிறது.) முதலாண்டில் எழுந்த 185 முறையீடுகளுள் 182 தீர்க்கப்பட்டன. வேடசந்தூர் வட்டாரத்தின் ஏனைய நூற்பாலைகளிலோ, உள்ளகக் குழுவே இன்றும் முதல் வாயில்.